தொண்டுக் கழகமும் மாணவர் தலைமையும்

கல்வி ஏட்டோடு முடிந்துவிடுவதன்று. பள்ளி மணி அடித்து வகுப்புகள் கலைந்த பின்னரும் தொடரும் கல்வி ஒன்று உண்டு. மலேசிய இடைநிலைப் பள்ளிகளிலும் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளிலும் பிற்பகல் வேளையில் ஏதேனும் ஒரு வகுப்பறையை எட்டிப் பார்ப்போர் அக்கல்வி நடைபெறும் விதத்தைக் காணலாம். மாணவர் ஒருவர் தலைவராக அமர்ந்திருப்பார். செயலாளர் சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசிப்பார். பொருளாளர் வரவு செலவைச் சொல்வார். முதியோர் இல்லத்திற்கு எந்த வாரம் செல்வது, இரத்த தான முகாமுக்கு யார் யாரை அழைப்பது என்று விவாதம் நடைபெறும். பொறுப்பாசிரியர் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

இக்காட்சி பழகிப்போன ஒன்றாதலின், என்றும் இருந்து வருவது போலத் தோன்றும். ஆயினும் பள்ளித் தொண்டுக் கழகங்களின் வரலாறு நூறாண்டுகளைச் சற்றே கடந்ததாகும். அவ்வரலாறு நெடுகிலும் ஒரு வினா மீண்டும் மீண்டும் எழுகின்றது. கழகத்தை நடத்துவோர் மாணவரா, அன்றி மாணவர் பெயரால் பெரியோரா என்பதே அவ்வினா. அதற்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், தொண்டுக் கழகம் எப்போது உயிர் பெறுகின்றது, எப்போது வெறும் கூடாகிவிடுகின்றது என்பது விளங்கும்.

போர்க்காலத்தின் அழைப்பு

முதலாம் உலகப் போர் 1914இல் மூண்டபோது, கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பள்ளிப் பிள்ளைகளைச் செஞ்சிலுவைப் பணியில் ஈடுபடுத்தும் முயற்சிகள் தொடங்கின. அமெரிக்கா 1917இல் போரில் இறங்கியதும் அங்கும் அதே நிலை தோன்றியது. அவ்வாண்டு செப்டம்பர் திங்களில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் பள்ளிப் பிள்ளைகளை விளித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் அவ்வாறு அங்கே பிறந்தது. 1919ஆம் ஆண்டுக்குள் அதில் சேர்ந்திருந்த மாணவர் தொகை ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம்.

அப்பிள்ளைகள் கம்பளி ஆடைகள் பின்னினர், காயத்துணிகளைச் சுருட்டி அனுப்பினர், காய்கறித் தோட்டம் போட்டனர், நன்கொடை திரட்டினர். அவர்தம் உழைப்பு உண்மையானது. அதனால் பயன்பெற்றோர் பலர். எனினும் என்ன செய்வது என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை. வேண்டுகோள் தலைநகரிலிருந்து வந்தது. ஆசிரியர் அதை வகுப்பில் எடுத்துரைத்தார். பிள்ளைகள் செய்து முடித்தனர். போர்க்காலத்தில் அதுவே இயல்பு. கைகள் மாணவருடையவை, கருத்து பெரியோருடையது என்பதே முதற்கட்டத்தின் நிலை.

பதினொருவர் கூடிய கழகம்

அடுத்த கட்டத்தைப் புரிந்துகொள்ள, அக்காலத்து அமெரிக்க நகரங்களில் வணிகரும் தொழில் வல்லுநரும் அமைத்த சங்கங்களைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். ரோட்டரி சங்கம் 1905இல் சிகாகோவில் தொடங்கியது. கிவானிஸ் சங்கம் 1915இல் டெட்ராய்ட்டில் தோன்றியது. அரிமா சங்கம் 1917இல் உருப்பெற்றது. உறுப்பினர் வாரந்தோறும் மதிய உணவுக்குக் கூடுவர். தொழில் உறவையும் நட்பையும் வளர்ப்பர். கூடவே ஊருக்கு ஏதேனும் நற்பணி செய்வர். இவை யாவும் அன்று ஆண்கள் மட்டுமே இடம்பெற்ற சங்கங்கள்.

கலிபோர்னியாவின் தலைநகரான சேக்ரமென்டோவில் ஆல்பர்ட் ஓல்னி, ஃபிராங்க் வின்சென்ட் என்னும் இருவர், கிவானிஸ் சங்கத்தின் அமைப்பைப் பள்ளி மாணவர்க்கும் கொண்டுவர முயன்றனர். மாணவர்க்குத் தொழில் வழிகாட்டுதல் கிட்ட வேண்டும் என்பதே அவர்தம் முதல் நோக்கம். 1925ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் சேக்ரமென்டோ உயர்நிலைப் பள்ளியில் 11 மாணவர் கூடினர். அக்கழகம் ‘கீ’ கழகம் எனப் பெயர் பெற்றது. ‘கீ’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் திறவுகோல் என்பது பொருள். பள்ளியில் முதன்மையாக விளங்கும் மாணவரைத் திரட்டுவது என்ற கருத்தும் அப்பெயரில் அடங்கியிருந்தது.

சிறிய தொடக்கந்தான். ஆயினும் அதில் புதுமை ஒன்று இருந்தது. பெரியோர் சங்கத்தின் விதிமுறைகளை அப்படியே மாணவர் கையில் கொடுத்ததே அப்புதுமை. தலைவரை மாணவரே தேர்ந்தெடுத்தனர். கூட்டத்தை மாணவரே நடத்தினர். கழகங்கள் பெருகியபோது வட்டாரத்திற்கும் மாநிலத்திற்கும் மாணவரே பொறுப்பாளராயினர். 1940களில் அது பன்னாட்டு அமைப்பாக வளர்ந்தபின், அதன் தலைவர் பதவியிலும் பள்ளி மாணவர் ஒருவரே அமர்ந்தார். ஆண்டு மாநாட்டில் கழகங்களின் பிரதிநிதிகள் வாக்களித்துத் தீர்மானங்களை நிறைவேற்றினர். பெரியோர் ஆலோசகராக உடனிருந்தனர். பணம், பாதுகாப்பு, அடிப்படை விதிகள் ஆகியவற்றில் தாய்ச் சங்கத்தின் பிடி தளரவில்லை. ஆனாலும் மேசையின் தலைப்பக்கத்து நாற்காலி மாணவருடையதாயிற்று.

பேஸ்பால் களமும் கடற்கரை நகரமும்

கிவானிஸ் காட்டிய வழியை மற்றச் சங்கங்களும் பின்பற்றின. பென்சில்வேனியா மாநிலத்தில் ஜிம் கிரேவர் என்பவர் அபிங்டன் உயர்நிலைப் பள்ளியின் பேஸ்பால் பயிற்சியாளர். அவர் கிளென்சைடு அரிமா சங்கத்தின் உறுப்பினருங்கூட. கிவானிஸ் சங்கத்தார் பள்ளியில் கழகம் நடத்தும்போது அரிமா சங்கத்தார் ஏன் நடத்தக்கூடாது என்ற எண்ணம் எழுந்தது. சங்கத் தோழரான வில்லியம் எர்ன்ஸ்டின் துணையோடு 35 மாணவரைச் சேர்த்து 1957 டிசம்பர் 5ஆம் நாள் முதல் லியோ கழகத்தை அவர் அமைத்தார். அம்மாணவருள் பெரும்பாலோர் அவருடைய பேஸ்பால் அணியினர்.

லியோ என்பது சிங்கத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். அச்சொல்லின் மூன்று ஆங்கில எழுத்துகளுக்கும் மூன்று பொருள் கற்பிக்கப்பட்டன. ‘லீடர்ஷிப்’ என்பது தலைமை. ‘ஈக்வாலிட்டி’ என்பது சமத்துவம். ‘ஆப்பர்ச்சூனிட்டி’ என்பது வாய்ப்பு. பிற்காலத்தில் நடுவில் நின்ற சமத்துவம் விலகி அனுபவம் அவ்விடத்தைப் பெற்றது. ஆயின் தலைமை என்னும் சொல் முதலில் நின்றவாறே நிற்கின்றது. பிறர்க்கு உதவுதல் மட்டுமன்றி, உதவும் பணியை முன்னின்று நடத்தக் கற்றலும் இக்கழகத்தின் நோக்கம் என்பதற்கு அப்பெயரே சான்று. 1967 அக்டோபரில் அரிமா சங்கங்களின் பன்னாட்டு அமைப்பு லியோ கழகத்தைத் தன் அதிகாரபூர்வத் திட்டமாக ஏற்றது.

இதற்கிடையே 1962 நவம்பர் 5ஆம் நாள், புளோரிடா மாநிலத்தின் கடலோர நகரமான மெல்பர்னில், உயர்நிலைப் பள்ளி மாணவர் 23 பேரைக் கொண்டு முதல் இண்டராக்ட் கழகம் தொடங்கப்பெற்றது. பன்னாட்டுச் செயற்பாடு என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் கூட்டே அப்பெயர். ரோட்டரி சங்கத்தின் ஆதரவில் இயங்கும் இக்கழகம் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் இரண்டு பணிகளையேனும் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. ஒன்று, தன் பள்ளிக்கோ ஊருக்கோ பயன் தருவது. மற்றொன்று, பிற நாட்டாரோடு நல்லெண்ணம் வளர்ப்பது. எந்தப் பணி என்பதை உறுப்பினரே முடிவு செய்வர்.

மலாயாவுக்கு வந்த வழி

கழகங்கள் கடல் கடந்து வருமுன், அவற்றின் தாய்ச் சங்கங்கள் வந்தன. கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சன் என்னும் ரோட்டரி அன்பர், 1928இல் மனைவியோடும் மகளோடும் புறப்பட்டு, மத்திய தரைக்கடல் நாடுகளையும் ஆசியாவையும் சுற்றி 1931இல் தாயகம் திரும்பினார். அந்நெடும் பயணத்தில் அவர் கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் முதலிய நகரங்களில் ரோட்டரி சங்கங்கள் அமையக் காரணமானார். குடியேற்ற ஆட்சியின்போது ஐரோப்பியர்க்கெனத் தனி மன்றங்களும் மற்றவர்க்கெனத் தனி மன்றங்களும் இருந்த நாடு இது. அங்கே பல இனத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ட சங்கம் என்ற சிறப்பு ரோட்டரிக்கு உண்டு. அரிமா சங்கம் 1950களின் இறுதியில் வந்து சேர்ந்தது.

பின்னர் இண்டராக்ட், லியோ ஆகிய கழகங்கள் மலேசியப் பள்ளிகளில் புறப்பாட நடவடிக்கையின் ஒரு பகுதியாக வேரூன்றின. வீட்டிலும் உறவிலும் தமிழே பேசி, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, இடைநிலைப் பள்ளியில் கால்வைக்கும் மாணவர்க்கு அங்கே எல்லாம் புதிது. மலாய், சீன மாணவரோடு சேர்ந்து ஒரு செயலை முதன்முதலாகத் திட்டமிடும் இடம் பெரும்பாலும் இத்தகைய கழகமாகவே அமைகின்றது. கூட்டத்தில் எழுந்து பேசத் தயங்கிய பிள்ளை செயலாளராகத் தேர்வு பெற்று, ஓராண்டு கடந்தபின் தலைமையாசிரியரிடம் நேரில் சென்று அனுமதி கேட்கும் துணிவு பெறுவதை ஆசிரியர் பலர் அறிவர்.

இளையோர் திறந்த கதவு

மாணவர் தலைமை என்பது வெறும் ஒத்திகை என்று கருதுவோர் உளர். பெரியவர்களானபின் நடத்தப்போகும் சங்கத்திற்கு இப்போதே பழகிக்கொள்கின்றனர் என்பது அவர் எண்ணம். கீ கழகத்தின் வரலாற்றில் ஓர் ஆண்டு அவ்வெண்ணத்தை மறுக்கின்றது.

அரை நூற்றாண்டுக் காலம் கீ கழகத்தில் மாணவியர்க்கு இடமில்லை. தொண்டு செய்ய விரும்பிய மாணவியர் கீயெட் முதலிய வேறு பெயர்களில் தனிக் கழகங்கள் அமைத்துக்கொண்டனர். ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்து படித்தவர், பிற்பகலில் வெவ்வேறு அறைகளுக்குச் சென்றனர். 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம், அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் வேறுபாடு காட்டுதலைத் தடை செய்யும் சட்டம் இயற்றியது. பள்ளிக்குள் ஒரு பாலார்க்கு மட்டும் கழகம் இருத்தல் தகுமா என்ற கேள்வி வலுத்தது. 1977இல் கீ கழகம் மாணவியரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

அப்போது பெரியோர் சங்கங்களின் நிலை யாது? அதே 1977இல் கலிபோர்னியாவின் துவார்ட்டே நகர ரோட்டரி சங்கம் மூன்று பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது. அதன் பொருட்டு மறு ஆண்டே அச்சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றம் சென்றது, ஆண்டுகள் உருண்டன. 1987 மே திங்களில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களைச் சேர்க்கும் உரிமைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே, அவ்வாண்டு ஜூலையில், கிவானிஸ் சங்கமும் அரிமா சங்கமும் பெண்களுக்குக் கதவைத் திறந்தன. ரோட்டரி சங்கம் 1989இல் உலக முழுமைக்கும் தன் விதியை மாற்றியது.

ஆகவே, பிள்ளைகளின் கழகம் செய்ததைத் தாய்ச் சங்கம் செய்யப் பத்தாண்டுகள் பிடித்தன. சட்டத்தின் நெருக்குதல் பள்ளிகளின் மீது முன்னதாகவே விழுந்தது என்பது உண்மை. எனினும் மற்றோர் உண்மையும் உண்டு. 1977இல் மாணவியரோடு ஒரே மேசையில் அமர்ந்து கழகம் நடத்திய மாணவர், 1987இல் இருபத்தைந்து வயதைக் கடந்த குடிமக்கள். பெண்ணொருத்தி தலைவராக அமர்ந்து கூட்டம் நடத்துவது அவர்களுக்கு வியப்பன்று. பள்ளியிலேயே கண்டு பழகிய காட்சி. நாளைய சமுதாயத்தின் ஒத்திகை என்று எண்ணப்பட்ட இடத்தில், நாளைய சமுதாயமே ஒருபடி முன்னதாக வந்துவிட்டது.

மணிக்கணக்கில் தொண்டு

1990களில் வேறொரு நிலை தோன்றியது. தொண்டு நல்லது என்றால் எல்லா மாணவரும் செய்யட்டுமே என்ற கருத்து கல்வித் துறையில் வலுப்பெற்றது. பென்சில்வேனியாவின் பெத்லகேம் நகரப் பள்ளி வாரியம், உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற 60 மணிநேரத் தொண்டு கட்டாயம் என்று 1990இல் விதித்தது. அதை எதிர்த்து மாணவர் இருவரும் அவர்தம் பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர். அடிமை முறையை ஒழித்த 13ஆம் அரசியல் சட்டத் திருத்தத்திற்கு இவ்விதி மாறானது என்பது அவர்தம் வாதங்களுள் ஒன்று. 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பள்ளி வாரியத்தின் விதி நிலைபெற்றது. மேரிலாந்து மாநிலம் 1992இல் 75 மணிநேரத் தொண்டை மாநில முழுமைக்கும் விதியாக்கியது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 1999 முதல் 40 மணிநேரம் என வரையறுத்தது.

இவ்வலை தென்கிழக்காசியாவையும் தொட்டது. சிங்கப்பூரில் 1997இல் சமூக ஈடுபாட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 6 மணிநேரமேனும் தொண்டு செய்தல் வேண்டும் என்று வகுக்கப்பட்டது. 2012இல் அதன் இடத்தில் வேறு திட்டம் வந்தது. மணிக்கணக்கைக் காட்டிலும் மாணவர் தாமே பொறுப்பேற்றுச் செயற்படுதலும், செய்ததை எண்ணிப் பார்த்தலும் அதில் வலியுறுத்தப்பட்டன. மலேசியாவில் அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் ஒதுக்கப்பட்டது. கழகத்தில் வகிக்கும் பதவிக்கும் புள்ளி உண்டு. தலைவருக்கு ஒரு மதிப்பு, செயலாளருக்கு ஒரு மதிப்பு, உறுப்பினருக்கு ஒரு மதிப்பு என்று கணக்கிடப்பட்டது.

இதனால் நன்மை இல்லை என்று கூறிவிட முடியாது. தொண்டு என்பதையே அறியாதிருந்த பிள்ளைகள் பலர் இவ்விதிகளால் முதன்முறையாக முதியோர் இல்லத்தின் வாயிலை மிதித்தனர். விருப்பமுள்ளவர் மட்டுமே வரும் கழகத்தில் வசதி படைத்தோர் பிள்ளைகளே மிகுதியாக இருத்தலும் உண்டு. எல்லார்க்கும் பொதுவான விதி அவ்வேறுபாட்டைக் குறைக்கும். ஆயினும் இழப்பும் உண்டு. 1999இல் ஸ்டூகாஸ், ஸ்னைடர், கிளாரி என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் மூவர் கட்டாயத் தொண்டைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். தொண்டு தம்மீது சுமத்தப்பட்டதாக உணர்ந்த மாணவரிடத்தே, பிற்காலத்தில் தாமாகத் தொண்டு செய்யும் நாட்டம் குன்றக்கூடும் என்பது அவர் கண்ட முடிபு. தெரிவு செய்யும் உரிமை சிறிதேனும் தமக்கு இருப்பதாக மாணவர் உணர்தல் இன்றியமையாதது என்பதே அதன் சாரம்.

மற்றோர் இழப்பு தலைமையைச் சார்ந்தது. தலைவர் பதவிக்குப் புள்ளி உண்டு என்று அறிந்தபின், பணிக்காகப் பதவியா, பதவிக்காகப் பணியா என்ற மயக்கம் தோன்றிவிடுகின்றது. செயலவைப் பட்டியல் நீள்கின்றது. உதவித் தலைவர், துணைச் செயலாளர் எனப் பெயர்கள் பெருகுகின்றன. பணிக்கு வருவோர் சிலரே. படம் எடுத்து அறிக்கையில் ஒட்டியவுடன் கடமை முடிந்ததாகின்றது. முதியோர் இல்லத்தில் ஒருமுறை கைகுலுக்கிய பிள்ளைக்காக அடுத்த மாதமும் காத்திருந்த முதியவரை எந்த அறிக்கையும் குறிப்பதில்லை.

ஏணியின் உச்சிப்படி

மாணவர் தலைமையை எவ்வாறு அளப்பது? ரோஜர் ஹார்ட் என்னும் அறிஞர் 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையொன்றில் எட்டுப் படிகள் கொண்ட ஏணி ஒன்றை வகுத்துக் காட்டினார். கீழ்ப்படிகள் மூன்றில் பிள்ளைகள் பெரியோரின் கருவியாகவோ, மேடை அலங்காரமாகவோ, பெயரளவிலோ நிறுத்தப்படுகின்றனர். அவற்றை அவர் பங்கேற்பாகவே கருதவில்லை. அதற்கு மேலே, இட்ட பணியை நோக்கம் அறிந்து செய்தல், கருத்துக் கேட்கப்படுதல், முடிவெடுப்பதில் பங்கு பெறுதல் எனப் படிகள் உயர்கின்றன.

அவ்வேணியின் உச்சிப்படி எது என்பது சிந்திக்கத்தக்கது. பிள்ளைகள் தாமே தொடங்கித் தாமே நடத்துவது ஏழாம் படி. அதற்கும் மேலான எட்டாம் படியில், பிள்ளைகள் தொடங்கிய பணியின் முடிவுகளை அவர்கள் பெரியோரோடு பகிர்ந்துகொள்கின்றனர். ஆசிரியர் விலகிப்போவது சிறப்பன்று. அடக்கி நடத்துவதும் சிறப்பன்று. உடனிருந்து, கேட்டபோது துணைநின்று, கேளாதபோது பொறுத்திருப்பதே உயர்நிலை.

இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. பதின்ம வயதினர் போடும் திட்டத்தில் பிழை இருக்கும். பேருந்துக்கு முன்கூட்டியே சொல்ல மறப்பர். வரவு செலவில் பத்து வெள்ளி இடிக்கும். இரண்டு செயலவையினர் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வர். ஆசிரியர் நினைத்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் தாமே சரிசெய்துவிடலாம். அவ்வாறு செய்தால் விழா நன்றாக நடக்கும், தலைவர் உருவாகமாட்டார். பத்து வெள்ளி எங்கே இடித்தது என்று பொருளாளரே தேடிக் காணும்வரை காத்திருக்கும் ஆசிரியரே, அவருக்குக் கணக்கையும் நேர்மையையும் ஒருசேரக் கற்பிக்கின்றார்.

பள்ளிக் கழகங்களுக்கு இயல்பான ஒரு குறையும் உண்டு. பதவிக்காலம் ஓராண்டே. இவ்வாண்டுத் தலைவர் தேர்வெழுதிச் சென்றுவிட்டால், அவர் கற்றதெல்லாம் அவரோடு சென்றுவிடும். ஆகவே கூட்டக் குறிப்பேடும் கணக்கேடும் வெறும் சடங்கு அல்ல. அவையே கழகத்தின் நினைவு. எந்த இல்லத்தில் யாரைக் காண வேண்டும், சென்ற ஆண்டு எதனால் முகாம் தவறியது என்பவற்றை எழுதி வைத்துச் செல்லும் செயலாளர், தாம் என்றும் காணப்போகாத மாணவர்க்கும் தொண்டு செய்தவராகின்றார். அடுத்த ஆண்டுக்குரியவரை இவ்வாண்டே அருகில் நிறுத்திப் பழக்கும் தலைவரே முழுமையான தலைவர்.

1917இல் தொண்டு ஆணையாக வந்தது. 1925இல் அது 11 மாணவரின் கூட்டமாயிற்று. 1977இல் அக்கழகம் பெரியோர் திறவாத கதவைத் திறந்தது. 1990களில் தொண்டு மணிக்கணக்காகவும் புள்ளியாகவும் எழுதப்பட்டது. இந்நான்கு நிலைகளும் இன்று ஒரே பள்ளியில் அடுத்தடுத்த அறைகளில் காணக்கூடியவையே. ஓர் அறையில் ஆணை நடக்கின்றது. மற்றோர் அறையில் புள்ளி எண்ணப்படுகின்றது. வேறோர் அறையில் மாணவர் தாமே ஒன்றை முடிவு செய்து, அதன் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கின்றனர். சான்றிதழும் புள்ளியும் வரட்டும். அவை மாணவர் உழைப்புக்குக் கிடைக்கும் மதிப்பே. ஆயினும் மாணவர் எடுக்கும் முடிவுக்கு மதிப்பில்லாத இடத்தில் அவர் செய்யும் தொண்டு வேலையாகவே நின்றுவிடும். அவர் முடிவுக்கு மதிப்புள்ள இடத்திலேதான் தலைமை பிறக்கும். பிற்பகல் வேளையில் பின்வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் பொறுப்பாசிரியர் அதனை அறிந்தவர். பேசாதிருப்பதும் ஒரு பாடம் நடத்துவதே என்பதை உணர்ந்தவர்.